மீனுக்குப் போட்ட மூக்குத்தி

என் தாலியை அறுத்த அன்றுதான் என் மார்பில் இருந்த கட்டியை ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தன. எது பெரிய அடி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

சிவனை நம்பியவர்களே, தாய்மாரே, என் பெயர் பாப்பாயி. கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக்காரி. எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. சாமையும் கேழ்வரகும் விதைத்துச் சாப்பிடுகிற குடும்பம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர், எங்கள் மலைக்கு அம்மை குத்த வருகிற ஐயா. என் மலைப்பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறார். முதல் வரியிலேயே பேனாவை நிறுத்திவிட்டு, "மார்பு என்று போட வேண்டுமா அம்மா? உடம்பு என்று போட்டுவிடட்டுமா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உடம்புல எங்கேன்னு சொல்ல வெக்கப்பட்டுத்தானுங்க பொம்பளைக செத்துப் போறாங்க. அப்படியே எழுதுங்க" என்றேன். எழுதிவிட்டார். பாவம், காது சிவந்துபோயிற்று.

அது சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம். எங்கள் மலையில் எந்தக் குண்டும் விழவில்லை. என் வீட்டில்தான் விழுந்தது. பங்குனிக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் ஏர் கட்டினார். இரண்டாம் நாள் படுத்தார். நான்காம் நாள் காலையில் தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் இல்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அழக்கூடத் தோன்றவில்லை. தண்ணீரை என்ன செய்வது என்றுதான் யோசித்தேன்.

அவருக்கு மட்டும்தான் என் கட்டியைப் பற்றித் தெரியும். மாசி மாதத்தில் அவரிடம் சொல்லியிருந்தேன். எங்கள் மகள் நல்லம்மாவுக்கு அப்போது மூன்று வயது. பொங்கலுக்குப் பிறகுதான் வேப்பெண்ணெய் தடவி அவளுக்குப் பால் மறக்கடித்தேன். இடது பக்கம் அவரைக் கொட்டை அளவுக்குக் கல்லாக ஒன்று இருந்தது. பால் கட்டியிருக்கும் என்று இருவரும் நினைத்தோம். "அறுப்பு முடியட்டும், பச்சிலை கொண்டாந்து தாரேன்" என்றார். அறுப்பு முடிந்தது. அவரும் முடிந்துபோனார்.

கருமாதி அன்று என்னை ஓடைக்கு அழைத்துப் போனார்கள். புருஷன் இல்லாத பெண்கள் சுற்றி நின்று என் தாலிக் கயிற்றை அறுத்தார்கள். மூக்குத்தியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் பெண்களுக்கு ரவிக்கை போடும் வழக்கம் இல்லை. சேலையைத்தான் மார்பில் சுற்றிக் கட்டுவோம். நனைந்த சேலை ஒட்டிக்கொண்டபோது, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கை நின்றுவிட்டது. மாற்றுச் சேலை கட்டிவிட வந்தவள் ஓரடி பின்னால் போனாள். குனிந்து பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரைக் கொட்டையாக இருந்தது இப்போது எலுமிச்சை அளவுக்கு இருந்தது. மேல்தோல் குழி விழுந்து சுருங்கியிருந்தது. அழுதுகொண்டே கிடந்த பதினைந்து நாளில் என் உடம்பை நானே பார்க்கவில்லை.

என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கிட்டே வந்தார். "என்ற மவன் கூப்புடுறான். அவ மாருல கைய வெச்சுட்டான்" என்று சொல்லிவிட்டு அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதுதான் எங்கள் மலையின் நம்பிக்கை. புருஷன் செத்த சூட்டில் பெண்சாதிக்கு நோய் வந்தால், செத்தவன் துணைக்கு ஆள் தேடுகிறான் என்பார்கள். அந்த வார்த்தை வந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். யாரும் என்னைத் தொடவில்லை. சேலையை நானே கட்டிக்கொண்டேன். அத்தையை அன்றைக்கு நான் எவ்வளவு வெறுத்தேன் என்பதைச் சாமி அறியும். உயிரோடு இருந்தபோது என்னை ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன், செத்த பிறகு எனக்கு நோயைக் கொடுப்பாரா?

பச்சிலை அரைத்துக் கட்டினார்கள். கட்டி கரையவில்லை. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி மூன்று இடத்தில் சூடு போட்டார்கள். சூட்டுப் புண் ஆறியது. கட்டி ஆறவில்லை. வைகாசியில் அம்மை குத்த ஐயா வந்தபோது, என் கொழுந்தனார் அவரிடம் ஒதுக்குப்புறமாகப் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், தள்ளிப்போடாமல் காட்டுங்கள் என்று இந்த ஐயாதான் சொன்னார். கொழுந்தனாரும் அத்தையும் என்னை மலையிறக்கி அழைத்துப் போனார்கள். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் கால்நடை. அங்கிருந்து மாட்டு வண்டி. பிறகு கரிப்புகையில் ஓடுகிற பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. மேடு வந்தால் நாங்கள் இறங்கி நடந்தோம், பஸ் எங்கள் பின்னால் வந்தது.

டாக்டரம்மா என்னைத் தனியாகத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். அக்குளிலும் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது கரையுற கட்டி இல்லைம்மா. புற்று. இந்தப் பக்கத்து மார்பையே முழுசா எடுக்கணும்."

கட்டியை எடுப்பார்கள் என்று நினைத்தேன். மார்பையே எடுப்பது என்று ஒன்று உலகத்தில் உண்டென்று எனக்குத் தெரியாது.

"எடுத்தா பொழைப்பனுங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எடுக்கலைன்னா நீ பிழைக்க மாட்டேன்னு வேணும்னா சத்தியம் பண்றேன். ஆடி மாசம் தாண்டிட்டா என்கிட்டே வராதே. வந்தாலும் பிரயோஜனம் இல்லை."

நான் எழுந்தேன். சேலையைச் சுற்றினேன். வெளியே நடந்தேன். மலை ஏறி வீட்டுக்கு வந்து சேரும்வரைக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியது. ஆட்டை அறுப்பார்கள், கதிரை அறுப்பார்கள், தாலியையும் அறுத்தாயிற்று. இப்போது என்னையே அறுக்கவேண்டும் என்கிறார்கள்.

எங்கள் ஊரில் பெரிய காரியம் எதுவானாலும் ஊர் மாரியாத்தாவிடம் பூ கேட்காமல் செய்ய மாட்டோம். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து ஆத்தா முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதித்துவிட்டாள். சிவப்பு வந்தால் இல்லை என்று அர்த்தம். ஒரு தடவை கேட்டுவிட்டால் மூன்று மாதத்துக்கு அந்தக் காரியத்தைப் பற்றி மறுபடி கேட்கக் கூடாது. தாலி அறுத்தவள் ஒரு வருஷத்துக்குக் கோயில் படி ஏறக் கூடாது என்பதால் எனக்காகக் கொழுந்தனார் போய்க் கேட்டார். ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நான் வீட்டு வாசலில் காத்திருந்தேன்.

கொழுந்தனார் வருவதற்கு முன்னால் என் மகள் ஓடி வந்தாள். கையில் பூ வைத்திருந்தாள்.

"அம்மா, பூவு! நாந்தான் எடுத்தேன்!"

சிவப்பு அரளி.

தாய்மாரே, அந்த நேரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். பூ எடுக்கப் போன குழந்தை என் குழந்தை என்பதுகூட எனக்கு முன்கூட்டித் தெரியாது. அங்கே விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு விட்டிருக்கிறார்கள். அவள் அந்தப் பூவை என் தலையில் வைக்க வந்தாள். விதவைக்குப் பூ வைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியுமா? நான் தடுக்கவில்லை. குனிந்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து நான் செத்தவளாகிவிட்டேன். சோறு போட்டார்கள், பேசினார்கள், யாரும் கொடுமை செய்யவில்லை. ஆனால் என்னை வைத்துக்கொண்டே, நான் இல்லாத நாளைப் பற்றிப் பேசினார்கள். கொழுந்தனார் பெண்சாதி நல்லவள்தான். "இப்பவே பழகுனாத்தானுங்க்கா ஏங்காம இருக்கும்" என்று சொல்லி நல்லம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒரு பத்து நாள் இருக்கும். நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அவளை "அம்மா" என்று கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல முகத்தை அவள் தோளில் மறைத்துக்கொண்டது. முறம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குச் சாகப் பயம் வந்தது. அதுவரைக்கும் திகைப்புத்தான் இருந்தது. பயம் இல்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. மலை ஜனம் முழுதும் அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிற நாள். கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. அந்த ஆற்று மீனை நாங்கள் பிடித்துத் தின்பதில்லை. மீன் உருவத்தில் அங்கே ஈசனே இருக்கிறார் என்பது எங்கள் எண்ணம். முன்னொரு காலத்தில் தெரியாத்தனமாக எவனோ ஒருவன் அந்த மீனைப் பிடித்து அறுத்துச் சட்டியில் போட்டானாம். அறுத்த துண்டுகள் சட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று பொருந்தி, உயிர் பெற்று, துள்ளிக் குதித்து ஆற்றுக்கே ஓடியதாம். அதனால் ஏதாவது வேண்டுதல் வைத்தவர்கள் ஆடிப் பதினெட்டன்று ஒரு மீனைப் பிடித்து, அதற்குச் சின்ன மூக்குத்தி குத்தி, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வாயைப் பிளந்து கேட்டதோடு சரி. ஒரு நாளாவது என்னைப் பற்றிய கதை என்று நினைத்ததில்லை.

நானும் வருகிறேன் என்றேன். கோயில் படி ஏறமாட்டேன், ஆற்றங்கரையில் உட்காருகிறேன் என்றேன். சாகப் போகிறவளின் ஆசை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஆடியில் ஐயாறு பொங்கி வரும். நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து அத்தையை எனக்குக் காவல் வைத்தார்கள். அவர்கள் பயந்ததில் தப்பில்லை. போகிற வழியெல்லாம் நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கோயிலுக்குக் கீழே, கூட்டம் இல்லாத ஒரு வளைவில் உட்கார்ந்தேன். அத்தை பத்தடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார். மேலே மேளச் சத்தம் கேட்டது. எனக்கு மந்திரமும் தெரியாது, பதிகமும் தெரியாது. வாய்விட்டுப் பேசினேன். சண்டை போட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"சாமி, நீ என்ற புருஷனை எடுத்துக்கிட்டே. ஏன்னு கேக்கல. என்ற புள்ள கையாலேயே சிவப்புப் பூவை எடுக்க வெச்சே. அதையும் கேக்கல. ஆனா அறுத்த மீனைப் பொருத்துனவன் நீதானே? மீனுக்குப் பண்ணுனதை எனக்குப் பண்ண மாட்டியா? நான் மீனை விடக் கேவலமா போயிட்டேனா? என்னை அறுக்கணுங்கறாங்க. அறுத்தா நான் பொருந்துவேனா? அதை மட்டும் சொல்லு. இல்லேன்னா இந்தத் தண்ணியிலேயே என்னை எடுத்துக்க."

என் இடுப்பு முடிச்சில் மூக்குத்தி இருந்தது. ஓடையில் கழற்றிக் கொடுத்த அதே மூக்குத்தி. என் புருஷன் கல்யாணத்துக்குப் போட்டது. கையில் எடுத்துக்கொண்டேன். கொண்டுவந்த பொரியைத் தண்ணீரில் போட்டேன். மீன்கள் கூடின. முந்தானையைத் தண்ணீருக்குள் விரித்து, ஒன்று உள்ளே வந்ததும் மடக்கித் தூக்கினேன்.

மடியில் வைத்துப் பார்த்தேன்.

முழங்கை நீளம் இருந்த அந்த மீனின் இடது பக்கத்தில், செவுளுக்குக் கீழிருந்து வால் பக்கம் வரைக்கும் ஒரு பெரிய வடு ஓடியது. அந்தப் பக்கத்துத் துடுப்பே இல்லை. அந்த இடத்தில் செதிலும் இல்லை. தோல் மட்டும் வழுவழுப்பாக மூடியிருந்தது. நீர்நாய் கடித்ததோ, பாறை கிழித்ததோ எனக்குத் தெரியாது. எப்போதோ அந்த மீன் அறுபட்டிருக்கிறது. ஒரு பக்கம் போய்விட்டிருக்கிறது. அதோடு அது பிழைத்து, பெருத்து, ஆடி வெள்ளத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. என் மடியில் கிடந்து துள்ளிய துள்ளலில் என் சேலையெல்லாம் நனைந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அத்தை நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடி வந்தார். மீனைப் பார்த்தார். என் மார்பைப் பார்த்தார். மறுபடி மீனைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"புடி கண்ணு, கெட்டியா புடி. மூச்சு முட்டும் அதுக்கு. சீக்கிரம் குத்து" என்றார்.

அவர் மீனைப் பிடித்துக்கொள்ள, நான் மூக்குத்தியை அதன் உதட்டோரத்தில் குத்தினேன். விதவை ஒருத்தி மீனுக்கு மூக்குத்தி போட்டாள் என்பதை அதற்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதில்லை. தண்ணீரில் இறக்கினோம். அது ஒரு கணம் எங்கள் கைக்குள்ளேயே நின்றது. பிறகு வாலை ஒரு வீசு வீசிவிட்டு வெள்ளத்துக்குள் போய்விட்டது.

அத்தை ஈரக் கையோடு நேராகக் கோயில் பக்கம் போனார். கொழுந்தனாரைக் கூட்டத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏன்டா, அன்னிக்கு ஆத்தாகிட்ட என்னன்னு கேட்டே?"

"கட்டி கரையுமா, அண்ணி பொழைக்குமான்னுதான் கேட்டேன்."

"அறுக்கலாமான்னு கேட்டியா?"

கொழுந்தனார் விழித்தார். "அதை எப்படிம்மா கேப்பாங்க? பொம்பளை மாரை அறுக்கறதுன்னு ஆத்தா முன்னால வாயில வருமா?"

"அப்ப நீ கேக்காததுக்கு அவ எப்படிடா பதில் சொல்லுவா? கரையாதுன்னு சொன்னா. சரியாத்தானே சொல்லியிருக்கா? அந்த டாக்டரம்மாவும் அதைத்தானே சொன்னா?"

ஒரு மாதமாக நாங்கள் எல்லோரும் செத்த வீட்டுக்காரர்கள்போல இருந்தோமே, அது ஆத்தா சொன்னதற்காக இல்லை. நாங்கள் கேட்க வெட்கப்பட்டதற்காக. சாமி முன்னால்கூட மார்பு என்ற சொல்லை எடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை. பாதிக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பாதிப் பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

"மறுக்காப் பூ கேக்கலாம், ஆவணி கழியட்டும்" என்றார் கொழுந்தனார்.

"மூக்குத்திய வாங்கிக்கிட்டான்டா அவன்! இனிப் பூ எதுக்கு?" என்றார் அத்தை.

பிறகும் ஊர்ப் பெரியவர்களிடமிருந்து தடை வந்தது. கீழ்நாட்டில் செத்தால் உடம்பை மலைக்குக் கொண்டுவர முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பிறத்தியார் சமைத்ததைச் சாப்பிட்டவளை நாட்டில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அத்தை யாரோடும் வாதாடவில்லை. ஒரு மூட்டைச் சாமை அரிசியைக் கட்டினார். ஒரு மண்சட்டியை எடுத்துக்கொண்டார். "நான் சமைச்சுப் போடுறேன். எவன் கேப்பான்?" என்றார். ஆடி முடிய ஏழு நாள் இருக்கும்போது மலையிறங்கினோம். நல்லம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் எனக்குக் கால் நகராது.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் முதலில் திட்டினார். பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் காலையில் மேசையில் படுக்கவைத்து மூக்கில் துணியை வைத்தார்கள். இனிப்பாக ஒரு நெடி வந்தது. நான் ஈசன் பெயரைச் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். கடைசி நேரத்தில் எனக்கு வந்த வார்த்தை அதுவல்ல. "மீனு, மீனு" என்றுதான் சொன்னேனாம். டாக்டரம்மா பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

கண் விழித்தபோது வாந்தி வந்தது. நெஞ்சில் யாரோ பாறையை வைத்ததுபோல இருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று முதலில் நம்பவில்லை. அத்தை கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைத் தொடப் பயந்து ஓடைக்கரையில் உட்கார்ந்தவர், என்னைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டதிலிருந்து என் பாதத்தை விடவே இல்லை என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். ஐந்தாம் நாள் கட்டு மாற்றினார்கள். நான் பார்த்தேன். ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. தையல் மட்டும் தோளிலிருந்து விலாவுக்கு இறங்கியது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். இதை நான் மறைக்க மாட்டேன். சாமி உயிரைக் கொடுத்ததற்கு நன்றி சொல்லவில்லை நான். போனதற்கு அழுதேன். அதற்காக அவர் என்மேல் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அத்தை ஆஸ்பத்திரிப் புளியமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிச் சாமைக் கஞ்சி காய்ச்சினார். பால் குடிக்கவேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யார் கறந்த பாலோ என்று நான் தயங்கினேன். "மாடுதானே குடுக்குது, மாட்டுக்கு என்ன சாதி? குடி" என்றார் அத்தை. இடது கையைத் தூக்க முடியவில்லை. தினமும் சுவரில் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறச் சொன்னார்கள். முதல் நாள் இடுப்பளவு. புரட்டாசி பிறந்தபோது தலைக்கு மேலே போனது. அன்றைக்கு டாக்டரம்மா, "ஊருக்குப் போ. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து காட்டு" என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். கொழுந்தனார் பெண்சாதி வாசலில் நின்றாள். அவள் இடுப்பில் நல்லம்மா. என்னைப் பார்த்தாள், வரவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒன்றரை மாதம் என்பது எவ்வளவு நீளம்! நான் கூப்பிடவும் இல்லை. உள்ளே போய் மத்தியான வெயிலுக்குப் பாயை விரித்துப் படுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காலடிச் சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் படுத்தாள்.

என் மகளுக்கு ஒரு பழக்கம். பால் மறந்த பிறகும் தூங்குவதற்கு என் இடது மார்பில் கையை வைத்துக்கொள்ளவேண்டும். கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினாள். கை தடவியது. ஒன்றும் இல்லை. மேலே தேடியது, கீழே தேடியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கையை எடுத்தாள். எட்டி வலது பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அம்மா" என்றாள். தூங்கிவிட்டாள்.

சிவனை நம்பியவர்களே, என் வேண்டுதலுக்குப் பதில் கிடைத்தது அந்தப் பாயில்தான். அறுத்தால் பொருந்துவேனா என்று ஆற்றங்கரையில் கேட்டேன் அல்லவா? பொருந்திவிட்டேன்.

நான்கு ஆடி கழிந்துவிட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் அக்குளைத் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை போ என்கிறார். நாட்டில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சாமை மூட்டையைக் காட்டி அத்தை எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். மகன் கூப்பிடுகிறான் என்று சொன்னது தப்பு என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் என் புருஷன் திதிக்குப் படையல் போடும்போது, "டேய், இவளைப் பாத்துக்கடா" என்று உரக்கச் சொல்கிறார். எனக்கு அது போதும்.

அந்த மீனை நான் மறுபடி பார்க்கவில்லை. வருஷா வருஷம் பொரி போட்டுப் பார்க்கிறேன். வெள்ளம் எங்கே கொண்டுபோனதோ. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சாட்சியாக இருக்கிறேன்.

இப்போது பெண்கள் என்னிடம் வருகிறார்கள். விறகு பொறுக்கப் போகிற வழியில், யாரும் இல்லாத இடத்தில், "அக்கா, எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க" என்று காதோடு சொல்கிறார்கள். இருவரைக் கீழே அழைத்துப் போனேன். ஒருத்திக்கு வெறும் கொழுப்புக் கட்டி, சிரித்துக்கொண்டு திரும்பினாள். இன்னொருத்தி இரண்டு வருஷம் மறைத்து வைத்திருந்தவள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அவளை நினைத்துத்தான் இதை எழுதச் சொன்னேன். சாமியிடம் கேளுங்கள், ஆனால் முழுதாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத உடம்பு உங்களிடம் என்ன இருக்கிறது, அவரிடம் மறைப்பதற்கு?

நம்பிக்கை வராதவர்கள் வருகிற ஆடிப் பதினெட்டுக்கு ஐயாற்றங்கரைக்கு வாருங்கள். கோயிலுக்குக் கீழே அந்த வளைவில் இருப்பேன். முந்தானையை விலக்கிக் காட்டுகிறேன். இந்த இடத்தில் ஐயா மறுபடி பேனாவை நிறுத்துகிறார், எழுதுங்கள் ஐயா. முன்பு ஓடைக்கரையில் என்னைப் பார்த்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். இப்போது கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். நீங்களும் வந்து தொட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு, உங்களுக்கும் ஒன்று இருந்தால், அன்றைக்கே மலையிறங்குங்கள். சாமை மூட்டையோடு நான் கூட வருகிறேன்.